ஆடும் குண்டைத் தொடாமல் அளப்பது எப்படி?

ஊஞ்சல் ஆடாத குழந்தை உண்டா? மரக்கிளையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் போதும். நாள் முழுவதும் ஆட்டம்தான்.

"ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பையன் பதில் சொல்லிவிடுவான்.

ஆனால் அந்த ஊஞ்சல் ஏழு மாடி உயரத்தில் இருந்து தொங்கினால்? பலகைக்குப் பதிலாகக் கனத்த உலோகக் குண்டு ஒன்று ஆடினால்? அது ஆடும் திசையும் மணிக்கு மணி மாறிக்கொண்டே வந்தால்? அதை எப்படி அளப்பது?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பெரிய பெரிய விஞ்ஞானிகளைத் தூங்க விடாத கேள்வி. ஒருவர் இதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

டெல்லியில் ஆடும் குண்டு

அப்படிப்பட்ட ஊசல் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

டெல்லியில் 2023-ம் ஆண்டு புதிய பாராளுமன்றக் கட்டிடம் திறக்கப்பட்டது. அதில் அரசியல் சாசன மண்டபம் என்று ஒரு மண்டபம். அதன் கூரையில் இருந்து நீண்ட கம்பி ஒன்று தொங்குகிறது. மண்டபத்தின் உயரம் 22 மீட்டர். கம்பியின் நுனியில் உள்ள குண்டின் எடை 36 கிலோ.

இந்தக் குண்டு காலையில் வடக்கு தெற்காக ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கிழக்கு மேற்காக ஆடிக்கொண்டிருக்கும்! சுமார் 50 மணி நேரத்தில் அது ஒரு முழு வட்டம் சுற்றிவிடும்.

அதைத் திருப்பியது யார்? யாருமே இல்லை. குண்டு தன் போக்கில் ஆடுகிறது. அதன் கீழே இருக்கும் தரைதான் திரும்புகிறது. பூமி சுழல்கிறது என்பதைக் கண்ணாலேயே காட்டும் ஊசல் இது.

வட துருவத்தில் கட்டினால் ஒரே நாளில் முழு வட்டம் சுற்றும். பூமத்திய ரேகைக்கு நெருங்க நெருங்க வேகம் குறையும். நம் சென்னையில் கட்டினால், கணக்குப்படி ஒரு வட்டத்துக்குச் சுமார் 106 மணி நேரம் பிடிக்கும். அதாவது நாலரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

நிலவறையில் நடந்த அதிசயம்

இந்த ஊசலை முதலில் செய்தவர் பூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1851-ம் ஆண்டு ஜனவரி மாதம், பாரிஸ் நகரில் தம் வீட்டு நிலவறையில் இரண்டு மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் தடவை கம்பி அறுந்துவிட்டது. அவர் மனம் தளரவில்லை. வேறு கம்பி கட்டினார். சில நாட்களுக்குப் பிறகு, நடு இரவு தாண்டிய நேரத்தில், குண்டு ஆடும் திசை மெல்ல மாறுவதைக் கண்டார்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

குண்டைக் கையால் தள்ளிவிட்டால் அது கோணலாக ஆடும். ஆகவே, அதை ஒரு பக்கம் இழுத்து நூலால் கட்டினார்கள். நூலைத் தீயால் எரித்தார்கள். நூல் அறுந்ததும் குண்டு நேராகப் புறப்பட்டது.

திசை மாறுவதை எப்படிக் கணக்கிட்டார்கள்? குண்டின் அடியில் ஒரு கூரிய முள். தரையில் மணல் மேடு. குண்டு விளிம்புக்கு வரும்போது முள் மணலைக் கீறும். ஒவ்வொரு தடவையும் கீறல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அந்தக் காலத்தில் மணல்தான் அளவுக் கருவி!

தொட்டால் கெட்டது

மணல் நல்ல கருவிதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. முள் மணலைக் கீறும்போது மணலும் முள்ளைத் தடுக்கிறது. ஒவ்வொரு உரசலும் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அளக்கப் போன கருவியே அளக்கப்படும் பொருளைக் கெடுத்துவிடுகிறது.

28 கிலோ குண்டை ஒரு பிடி மணல் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். லண்டனுக்குப் போய்ப் பார்ப்போம்.

அங்கே பிக் பென் மணிக்கூண்டில் உள்ள பெரிய கடிகாரத்தின் வேகத்தை ஒழுங்குபடுத்துவது ஓர் ஊசல். நீளம் 4.4 மீட்டர். எடை 310 கிலோ. யானைக் குட்டி போன்ற கனம்! ஆனால் அதன் மேல் ஒரே ஒரு பழைய பென்னி நாணயத்தை வைத்தால், கடிகாரம் ஒரு நாளில் ஐந்தில் இரண்டு பங்கு வினாடி வேகமாக ஓடுகிறது. கடிகாரம் பிந்தினால் நாணயம் வைப்பார்கள். முந்தினால் எடுத்துவிடுவார்கள்.

310 கிலோ ஊசலுக்கு ஒரு நாணயம் தெரிகிறது! அப்படியானால் அதன் மேல் ஒரு கருவியையும், பாட்டரியையும், வயரையும் கட்டினால் என்ன ஆகும்? ஊசலை அளக்கப் போகிறவர் முதலில் நினைக்க வேண்டியது இதுதான்.

உயிரைக் கொடுத்த கேப்டன்

தொடாமல் அளக்க நம் நாட்டிலேயே ஒரு வழியைக் கையாண்டிருக்கிறார்கள்.

1865-ம் ஆண்டு முதல் இந்திய நில அளவைத் துறையில் ஓர் ஊசல் வேலை நடந்தது. ஓர் இடத்தில் பூமியின் ஈர்ப்பு அதிகமாக இருந்தால் ஊசல் வேகமாக ஆடும். குறைவாக இருந்தால் மெதுவாக ஆடும். ஆகவே, ஒரே ஊசலை ஊர் ஊராக எடுத்துப் போய் ஆட்டினார்கள். இதற்குப் பொறுப்பு ஏற்றவர் கேப்டன் பாசெவி. சென்னையும் அவர் ஊசல் ஆட்டிய ஊர்களில் ஒன்று.

அவர் ஊசலைத் தொடவில்லை. காற்றுக்கூடத் தொடக் கூடாது என்று, கூண்டுக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். ஊசலுக்குப் பின்னால் ஒரு கடிகாரம் ஆடும். இரண்டையும் தூரத்தில் இருந்து தொலைநோக்கியால் பார்ப்பார்கள்.

இரண்டு பேர் ஒரே சாலையில் நடக்கிறார்கள். ஒருவர் நடை கொஞ்சம் வேகம். இன்னொருவர் நடை கொஞ்சம் மெதுவு. இருவர் காலும் எப்போதாவது ஒரு தடவை ஒன்றாகத் தரையில் படும். பிறகு விலகும். மறுபடி சேரும். ஊசலும் கடிகாரமும் அப்படித்தான். இரண்டும் ஒன்றாகச் சேரும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், ஊசலின் வேகத்தை மிக நுட்பமாகக் கணக்கிடலாம்.

1871-ம் ஆண்டு பாசெவி லடாக்கில் உள்ள மோரே என்ற சமவெளிக்குப் போனார். அது 15,000 அடிக்கும் அதிகமான உயரம். கடுங்குளிர். மூச்சு விடவும் போதிய காற்று இல்லை. அங்கே ஊசலை ஆட்டிக் கணக்குக் குறித்துக்கொண்டிருந்தபோதே, ஜூலை மாதத்தில் அவர் உடல்நலம் கெட்டு இறந்துபோனார்.

அவர் எடுத்த கணக்கு வீணாகவில்லை. இமயமலை அவ்வளவு பெரியது. அதனால் அங்கே ஈர்ப்பு மிக அதிகமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஊசல் வேறு கதை சொன்னது. எதிர்பார்த்ததைவிட ஈர்ப்பு குறைவாக இருந்தது. பெரிய மலைகளின் அடியில், பூமிக்குள், கனம் குறைந்த பாறை ஆழமாக இறங்கி இருக்கிறது என்ற உண்மைக்கு அது ஒரு சாட்சி ஆயிற்று.

செல்போனைக் கட்டலாமா?

இன்று பாசெவியைப் போலத் துன்பப்பட வேண்டியதில்லை. அசைவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. சென்சார் என்று அவற்றைச் சொல்லுகிறோம். உங்கள் செல்போனுக்குள்ளேயே இரண்டு மூன்று சென்சார்கள் இருக்கின்றன.

"அப்படியானால் செல்போனைக் குண்டின் மேல் கட்டிவிட்டால் போதுமே?" என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

செல்போனில் உள்ள ஒரு சென்சாருக்குள் மிகச் சிறிய எடை ஒன்று இருக்கிறது. பஸ் திடீரென்று புறப்பட்டால் நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? அதுபோல, செல்போன் அசைந்தால் இந்தச் சிறிய எடை பின்தங்கும். அதைக் கொண்டு அசைவு தெரிகிறது.

இப்போது காபி வாங்கி வரும் பையனைப் பாருங்கள். தூக்குவாளியை வீசிக்கொண்டே வருகிறான். காபி சிந்துவதில்லை! வாளி சாயும்போது காபியும் வாளியோடு சேர்ந்தே சாய்கிறது. பக்கவாட்டில் போகிறோம் என்பது காபிக்குத் தெரிவதே இல்லை.

ஊசலில் கட்டிய செல்போனுக்கும் இதே கதிதான். குண்டு, செல்போன், உள்ளே இருக்கும் சிறிய எடை எல்லாம் ஒன்றாகவே போகின்றன. ஆகவே, குண்டு பக்கவாட்டில் ஓடுவது இந்தச் சென்சாருக்குத் தெரியாது. கம்பி இழுக்கும் இழுப்பு மட்டுமே தெரியும். நடுவில் வரும்போது இழுப்பு கொஞ்சம் கூடும். ஓரத்தில் கொஞ்சம் குறையும். பாந்தியோன் ஊசல் போன்ற ஒன்றில் இந்த வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்குதான்! அதுவும் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். விஷயம் தெரியாதவர் ஊசல் இரண்டு மடங்கு வேகமாக ஆடுகிறது என்று எழுதிவிடுவார்.

செல்போனில் சுழற்சியை அறியும் சென்சார் ஒன்றும் உண்டு. கம்பி சாயும்போது குண்டும் சாய்வதால், அது ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும். குழந்தை ஆடும் ஊஞ்சலுக்கு அது போதும். ஆனால் பூமியின் சுழற்சியைக் காட்டும் ஊசலில், ஒரு பக்கமாகக் கட்டிய எடை குண்டைக் கோணலாக ஆட வைக்கும். திசை மாறியது பூமியாலா, செல்போனாலா என்று பிறகு சொல்ல முடியாது.

எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி?

ஆகவே, கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "எனக்குத் தெரிய வேண்டியது என்ன?"

ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டுமா? ஒளிக்கதிர் போதும். ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப் பக்கம் ஒளியை உணரும் சென்சார். குண்டு குறுக்கே போனால் ஒளி மறையும். அந்தக் கணம் பதிவாகும். குண்டை யாரும் தொடவில்லை. இந்தக் கதிரை ஓரத்தில் வைக்கக் கூடாது. ஓரத்தில் குண்டு தயங்கி நின்று திரும்புகிறது. நடுவில்தான் அதிவேகமாகப் பாய்கிறது. நடுவில் வைத்தால்தான் நேரம் துல்லியமாகக் கிடைக்கும்.

குண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய வேண்டுமா? ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சென்சார் இருக்கிறது. வௌவால் செய்வதும் இதுதான். ஆனால் உருண்டையான குண்டின் மேல் பட்ட ஒலி நாலா பக்கமும் சிதறும். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி இன்னும் துல்லியமானது. ஆயினும், குண்டு ஆடும் திசை மாறிவிட்டால் லேசர் குண்டைத் தவறவிட்டு எதிர்ச் சுவரை அளந்துகொண்டிருக்கும்!

எந்தத் திசையில் ஆடுகிறது என்று தெரிய வேண்டுமா? அதற்குக் காமிராதான் ஏற்றது. கம்பிக்குப் பக்கத்தில் கூரையில் காமிராவைப் பொருத்திக் கீழே பார்க்க வைக்கலாம். அல்லது தரையின் நடுவில், கண்ணாடிக்கு அடியில் வைத்து மேலே பார்க்க வைக்கலாம். குண்டு எந்தப் பக்கம் போனாலும் படத்தில் விழும். ஆனால் 6 மீட்டர் ஆட்டத்தை 2,000 புள்ளிகள் கொண்ட படத்தில் அடக்கினால், ஒரு புள்ளிக்கு 3 மில்லிமீட்டர் வரும். பூக்கோவின் மணல் காட்டியதும் ஏறக்குறைய அதே அளவுதான்! ஆகவே, பல ஆட்டங்களைப் படம் பிடித்துச் சராசரி பார்க்க வேண்டும்.

காந்தத்தால் உணரும் சென்சாரும் உண்டு. ஆனால் காந்தம் இரும்பைச் சும்மா விடாது. குண்டு இரும்பாக இருந்தால் காந்தமே அதை இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும்.

சந்திரனைக் கண்ட கடிகாரம்

கண் நல்லதாக இருந்தால் ஊசல் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள்.

1921-ம் ஆண்டு ஷார்ட் என்ற ஆங்கிலேய ரெயில்வே எஞ்சினீயர் ஓர் ஊசல் கடிகாரம் செய்தார். காற்று நீக்கிய குழாய்க்குள் ஊசல் ஆடும். ஓர் ஆண்டுக்கு ஒரு வினாடிதான் பிழை என்று புகழ் பெற்றது.

அந்த வகைக் கடிகாரம் ஒன்று அமெரிக்கக் கடற்படை வானிலை மையத்தில் அல்ல, வான் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. 1984-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியாளர் அதை மறுபடி ஓட விட்டார். ஒளியால் உணரும் சென்சாரை வைத்து, அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எண்ணியதைவிட அது பல மடங்கு நல்ல கடிகாரம் என்று தெரிந்தது. இன்னும் ஓர் ஆச்சரியம்! ஊசலின் வேகம் மிகச் சிறிதளவு கூடியும் குறைந்தும் வந்தது. காரணம், சந்திரனும் சூரியனும். கடலில் அலை ஏற்றம் உண்டாக்கும் அதே இழுப்பு, இந்த ஊசலையும் தொட்டது. அந்த இழுப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு!

ஊசல் பழையதுதான். பார்த்த கண்தான் புதிது.

660 டன் குண்டு

இனி ஒரு ராட்சத ஊசல். தைவான் நாட்டின் தலைநகரில் தைப்பே 101 என்ற வானளாவிய கட்டிடம் இருக்கிறது. அதன் மேல் மாடிகளில் 660 டன் எடையுள்ள எஃகுக் குண்டு கம்பிகளில் தொங்குகிறது. புயல் அடித்தால் கட்டிடம் ஒரு பக்கம் சாயும். குண்டு பின்தங்கி எதிர்ப் பக்கம் இழுக்கும். எண்ணெய் அடைத்த உருளைகள் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வந்த சூறாவளியில் இந்தக் குண்டு ஒரு மீட்டர் தூரம் நகர்ந்தது.

இங்கே கேள்வியே வேறு. "எத்தனை ஆட்டம்?" என்பது முக்கியம் அல்ல. "எவ்வளவு தூரம்?" என்பதுதான் முக்கியம். உள்ளே ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். தொடாதே என்ற விதியும் இங்கே தேவை இல்லை. 660 டன் குண்டில் ஒரு சிறு கம்பியைக் கட்டி இழுத்து அளந்தாலும் அது பொருட்படுத்தாது. ஆகவே, எல்லா ஊசலுக்கும் ஏற்ற ஒரே கருவி என்று எதுவும் இல்லை. கேள்விக்கு ஏற்ற கருவிதான் நல்ல கருவி.

நீங்களும் செய்யலாம்

பள்ளிக்கூடத்தில் பெரிய ஊசல் கட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சாரைப் பற்றி யோசிக்கும் முன் கம்பியைப் பற்றி யோசியுங்கள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிஸ் அருங்காட்சியகத்தில் பூக்கோவின் பழைய ஊசல் குண்டைத் தாங்கிய கம்பி அறுந்துபோயிற்று. தரையில் விழுந்த குண்டு, சரி செய்ய முடியாதபடி சேதம் அடைந்தது. அடிக்கடி கம்பியைச் சோதியுங்கள். குண்டைச் சுற்றி வேலி போடுங்கள். குழந்தைகளை உள்ளே விடாதீர்கள்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்குச் செலவே இல்லை. ஒரு மீட்டர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொஞ்சமாக இழுத்து, தள்ளாமல், கையை விட்டுவிடுங்கள். அது போய்த் திரும்ப 2 வினாடி ஆகும். ஒரு ஆட்டத்தை மட்டும் அளந்தால் உங்கள் விரலின் தாமதமே பெரிய பிழை ஆகிவிடும். பத்து ஆட்டங்களை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். பிழையும் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். கல் ஓரத்துக்கு வரும்போது எண்ணாதீர்கள். நடுவைக் கடக்கும்போது எண்ணுங்கள்.

பிறகு நூலைக் கால் மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். நீளம் நாலில் ஒரு பங்கு ஆயிற்று. நேரமும் நாலில் ஒரு பங்கு ஆகுமா? ஆகாது. எவ்வளவு ஆகிறது என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும்.